நல்லதுக்குத்தான் சொன்னேன்

சென்ற வருடம் புத்தளத்தில் ஒரு கலியாண வீடு. சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்திருந்தோம். கைகழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவர் என் முன்னால் நின்று குனிந்து முகத்தைப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். ஒடுங்கிய உடம்பு, நரைக்கத் தொடங்கிய தாடி.

"சேர், என்னத் தெரியுதா?"

நீண்ட காலம் ஆசிரியத் தொழில் பார்த்தவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தெரியாவிட்டாலும் தெரிந்தவன் போலச் சிரிப்பது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். சிரித்தேன். அவர் நம்பவில்லை.

"நான்தான் சேர், லொறி."

உடனே தெரிந்துவிட்டது. என் முகம் மாறியதை அவர் எப்படி விளங்கிக்கொண்டாரோ தெரியாது, தானே சமாதானம் சொன்னார். "அந்தப் பேரச் சொன்னாத்தானே சேருக்குத் தெரியும்." பிறகு பக்கத்தில் இருந்தவரின் கைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அன்று சாப்பிட்ட சோற்றின் ருசி எனக்கு நினைவில்லை.

அந்தப் பெயரை வைத்தவன் நான்.

1990இல் மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய சனத்தில் நானும் ஒருவன். முகாம் வாழ்க்கை பற்றி எம்மவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள், அதை இங்கே மீண்டும் விரிக்கப் போவதில்லை. 1996ஆம் ஆண்டளவில் கிடுகு வேய்ந்த ஒரு வகுப்பறையில் ஏழாம் ஆண்டுக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எல்லோரும் நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் தின்று வளர்ந்த பிள்ளைகள். கழுத்தெலும்பு தெரியும். அவர்களுக்கு நடுவே ஒரு பையன் மட்டும் கொழுத்திருந்தான். மேல்சட்டையின் நடுப் பொத்தான் எப்போதும் திறந்திருக்கும். ஒருநாள் அவன் பிந்தி வந்தபோது, "பாரம் ஏத்தின லொறி வருது, வழி விடுங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அவனும் சிரித்தான் என்பதை அப்போது ஓர் அனுமதியாகவே எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவனுக்கு வேறு பெயர் இருக்கவில்லை. பிள்ளைகள் அதோடு நிற்கவுமில்லை. "நம்முட நிவாரணத்தையும் இவன்தான் திங்கிறான்" என்றார்கள். பசித்த இடத்தில் ஓர் உடம்பு கொழுத்திருந்தால் அது களவாகத் தெரியும். எனக்கும் உள்ளுக்குள் அப்படியொரு சந்தேகம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை: அந்த வீட்டில் இரண்டு பங்கீட்டு அட்டை இருக்குமோ? நான் விசாரிக்கவில்லை. சிரிப்பதற்கு விசாரணை தேவைப்படவில்லை. யாராவது என்னைக் கேட்டிருந்தால், "அவன்ட நல்லதுக்குத்தான் சொன்னேன், ரோசம் வந்து மெலியட்டும்" என்று சொல்லியிருப்பேன். சொல்லியுமிருக்கிறேன், ஆசிரியர் அறையில்.

அந்தக் கலியாணத்துக்குப் போயிராவிட்டால் இந்த வாக்கியத்தைப் பற்றி நான் யோசித்திருக்க மாட்டேன் என்பதில்லை. யோசிக்க வைத்தது என் சொந்த வீடு.

என் பேத்திக்கு ஒன்பது வயது. நான்காம் தரம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து பாடசாலைக்கு வந்து பிள்ளைகளின் உயரமும் நிறையும் அளந்து, வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்தனுப்பினார்கள். அந்த வகுப்பில் நிறை குறைவு என்று எழுதப்பட்ட பிள்ளைகளே கூட. என் பேத்தியின் துண்டில் நிறை அதிகம் என்று இருந்தது. மருமகள் அன்றிரவே சோற்றைப் பாதியாக்கினாள். என் மனைவி, அதாவது பிள்ளையின் உம்மும்மா, அடுத்த நாளே குசினிப் பக்கத்துக் கதவால் பிள்ளைக்கு ரொட்டியும் சீனிச்சம்பலும் கொடுக்கத் தொடங்கினாள். "பசியோட படுத்த புள்ளைட கண்ணீர் நமக்கு வேணாம்" என்பது அவளுடைய வாதம். நடுவில் நின்ற நான் நீதிபதி போல் நடந்துகொண்டேன். நோன்புப் பெருநாளன்று வீடு நிறைய விருந்தாளிகள். பிள்ளை இரண்டாம் முறை வட்டிலப்பத்துக்குக் கை நீட்டியது. "போதும் மகள், ஒங்கட ஒடம்பப் பாருங்க" என்றேன். அதட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னேன். சாச்சாமாரும் மாமிமாரும் சிரித்தார்கள். பிள்ளையும் சிரித்தது.

அந்தச் சிரிப்பை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். எங்கே என்று அன்று ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் எங்களோடு இருந்து சாப்பிடுவது குறைந்தது. ஒரு மாதம் கழித்து அவளுடைய ஓதும் பள்ளிப் பையில் பிஸ்கட் உறைகள் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துத் திணிக்கப்பட்டிருந்ததை மருமகள் கண்டெடுத்தாள். எண்ணினால் பதினான்கு. ஒன்பது வயதுப் பிள்ளை இருட்டில் உட்கார்ந்து, சத்தம் கேட்காமல் உறையைப் பிரித்து, சாப்பிட்டு, அதை மடித்து ஒளித்திருக்கிறது. பிஸ்கட் என்ன பெரிய காரியம்? என்னைத் தொட்டது அந்த மடிப்பு. அவ்வளவு நேர்த்தியாக மடித்திருந்தாள்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். ஒருவர் நல்ல நோக்கத்தோடு சொன்ன வார்த்தை கெட்ட விளைவைத் தந்தால், நோக்கம் அவரைக் காப்பாற்றுமா? செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பது எம்மவர் ஒவ்வொருவருக்கும் தெரியும். நிய்யத்து சுத்தமாக இருந்தால் போதும் என்று சமாதானப்பட்டுக்கொள்வது இலகு. ஆனால் நிய்யத்து என் கணக்கைத் தீர்க்கிறது, அந்தப் பிள்ளையின் கணக்கை அல்ல. வைத்தியர் நல்ல எண்ணத்தோடு பிழையான மருந்தைக் கொடுத்தால் அவரை மன்னிக்கலாம். மருந்து சரியானது என்று சொல்ல முடியாது. இரண்டாவது முறையும் அதே மருந்தைக் கொடுத்தால்? அப்போது மன்னிப்பதும் கடினமாகிவிடுகிறது. நான் இரண்டாவது முறையும் கொடுத்திருக்கிறேன், கிட்டத்தட்ட முப்பது வருட இடைவெளியில்.

மருந்து பிழை என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறுமிகளைப் பத்து வயதளவில் தொடங்கிப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஒரு நீண்ட ஆய்வு உண்டு. "நீ மிகவும் குண்டு" என்று உன்னிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பத்து வயதில் அவர்களிடம் கேட்டார்கள். தாய், தந்தை, சகோதரர், தோழி, ஆசிரியர் என்று ஆட்களையும் பிரித்துக் கேட்டார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹங்கரும் ஜெனட் டொமியாமாவும் அந்தத் தரவுகளை எடுத்து 2014இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அப்படிச் சொல்லப்பட்ட சிறுமிகள் பத்தொன்பது வயதில் உடற்பருமனோடு இருக்கும் வாய்ப்பு, சொல்லப்படாதவர்களை விட அதிகம். கொழுத்த பிள்ளையிடம்தானே அப்படிச் சொல்வார்கள், அவள் பிறகும் கொழுத்திருப்பது என்ன ஆச்சரியம் என்று கேட்கலாம். எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. ஆனால் பத்து வயதில் இருந்த நிறையைக் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் நின்றது. சொன்னவர் வெளியாளாக இருந்ததை விட வீட்டாராக இருந்தபோது தொடர்பு கூடுதலாகவும் இருந்தது. இது காரணத்தை நிரூபித்துவிட்டது என்று கணிதம் படிப்பித்த நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரோசம் வந்தால் மெலிவான் என்ற எங்கள் பழைய சூத்திரத்துக்கு இதில் எந்த ஆதரவும் இல்லை. வெட்கப்பட்ட பிள்ளை விளையாட்டுத் திடலுக்குப் போவதில்லை. வெட்கப்பட்ட பிள்ளை ஒளித்துச் சாப்பிடுகிறது. இதற்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை, ஓதும் பள்ளிப் பை போதும்.

எங்களுடைய மரபு இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடியபோது எனக்கு ஒரு விடயம் அகப்பட்டது. இமாம் கஸ்ஸாலியின் 'இஹ்யா உலூமுத்தீன்' நாற்பது புத்தகங்களைக் கொண்டது. மூன்றாம் காற்பகுதி மனிதனை அழிப்பவை பற்றியது. அதில் இருபத்து மூன்றாம் புத்தகம் வயிற்றின் ஆசையையும் மர்மத்தானத்தின் ஆசையையும் அடக்குவது பற்றிப் பேசுகிறது. அதற்கு அடுத்தது, இருபத்து நான்காம் புத்தகம், நாவின் கேடுகள் பற்றியது. வயிறும் நாவும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். எம்மிடையே பயான்களில் முதலாவதைத்தான் அடிக்கடி கேட்கிறோம். வயிற்றை மூன்றாகப் பிரிக்கச் சொல்லும் நபிமொழி கொழுத்த மனிதர் ஒருவர் சபையில் இருந்தால் கட்டாயம் வரும், சொல்பவரின் கண்ணும் அந்தப் பக்கம் போகும். அடுத்த புத்தகத்தை அந்தச் சபையில் யாரும் திறப்பதில்லை.

அந்த இரண்டுக்கும் முந்திய புத்தகத்தில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி இமாம் சில பக்கங்கள் எழுதியிருக்கிறார். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்டவை என்று நம்ப முடியாது. பகலில் ஒரு பொழுது பிள்ளை நடக்கவும் உடம்பை அசைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் சோம்பல் பிடித்துவிடும் என்கிறார். ஓதி முடித்து வந்த பிள்ளையை விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்துப் படிப்பிலேயே நெருக்கினால் உள்ளம் செத்துவிடும் என்கிறார். பிள்ளை ஒரு பிழை செய்தால் முதல் தடவை காணாதது போல் விட்டுவிட வேண்டும், அதன் மறைப்பைக் கிழிக்கக் கூடாது. மீண்டும் செய்தால் தனியே வைத்துக் கண்டிக்க வேண்டும். அடிக்கடி குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் வார்த்தை மனதில் ஏறாது போய்விடும். பெருநாள் விருந்தில் நான் செய்தது இதற்கு நேரெதிரானது.

ஆனால் அதே பக்கங்களில் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நேர்மையல்ல. அதிகம் தின்னும் பழக்கத்தைப் பிள்ளைக்கு வெறுப்பாக்க வேண்டும், அதற்காக அதிகம் தின்னும் வேறொரு பிள்ளையை இதன் முன்னால் இகழ்ந்தும், குறைவாக உண்ணும் ஒழுக்கமான பிள்ளையைப் புகழ்ந்தும் பேசலாம் என்கிறார். இமாமின் மீதுள்ள மதிப்பு எனக்குக் குறையவில்லை. ஆயினும் ஒரு வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் கேட்கத் தோன்றுகிறது: அந்த வேறொரு பிள்ளை எங்கே நிற்கிறது? இமாம் ஒரு வீட்டையும் ஒரு பிள்ளையையும் மனதில் வைத்து எழுதியிருக்கலாம். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். முப்பத்தொன்பது பேருக்குப் பாடம் படிப்பிக்க ஒருவனைக் கரும்பலகையாக்க எனக்கு யார் உரிமை தந்தது? பட்டப்பெயர் சூட்டுவதைத் தடுக்கும் வசனம் ஹுஜுராத் அத்தியாயத்தில் இருப்பது எனக்கு அப்போதும் தெரியும். பரீட்சைக்குக் கேட்டால் இலக்கத்தோடு எழுதியிருப்பேன்.

மெலிந்த கால்களையுடைய இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மரத்தில் ஏறியபோது அந்தக் கால்களைப் பார்த்துத் தோழர்கள் சிரித்தார்கள் என்றும், மறுமைத் தராசில் அக்கால்கள் உஹது மலையை விடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. இதைக் கொழுத்த உடம்புக்கும் யாரும் பொருத்திச் சொல்லிக் கேட்டதில்லை. சிரிக்கப்பட்டது மெலிந்த உடம்பு என்பதால் போலும்.

உடம்பைக் குறித்து ஒருவரை எப்போது பழிக்கலாம் என்ற கேள்வியை அரிஸ்டோட்டில் கேட்டிருக்கிறார். பிறவியிலேயே குருடனாக இருப்பவனை யாரும் பழிப்பதில்லை, இரங்குகிறார்கள். குடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவனைப் பழிக்கிறார்கள். அதேபோல உடற்பயிற்சியின்மையாலும் கவனக்குறைவாலும் வந்த உடற்குறையைப் பழிக்கலாம், ஏனெனில் அது அவனவன் கையில் இருந்தது என்பது அவருடைய நிலைப்பாடு. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. நாம் எல்லோரும், அரிஸ்டோட்டிலைப் படிக்காமலேயே, இப்படித்தான் தீர்ப்புச் சொல்கிறோம். கொழுத்தவனைப் பார்த்ததும் 'அவன் கையில் இருந்தது' என்ற பக்கத்தில் அவனைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

ஆனால் அவன் கையில் எவ்வளவு இருந்தது? 1986இல் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரைப் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. அவர்களுடைய பருமன் பெற்ற தாய் தந்தையரின் பருமனோடு ஒத்துப்போனது, சோறு போட்டு வளர்த்தவர்களின் பருமனோடு ஒத்துப்போகவில்லை. இதைவிட என்னை உலுக்கியது இன்னொரு சம்பவம். இங்கிலாந்தில் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பத்தில் ஒரு சிறுமி. எட்டு வயதில் 86 கிலோ. அவளுடைய மைத்துனன் முறையான இன்னொரு குழந்தை, இரண்டு வயதில் 29 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. அப்படிப்பட்ட பிள்ளையின் தாய் தகப்பனைப் பற்றி அயலும் சொந்தமும் என்ன பேசியிருக்கும் என்று நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை, நானே பேசியிருப்பேன். 1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் என்ற ஹோர்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்திருந்தது. உடம்பின் கொழுப்புத் திசு மூளைக்கு 'களஞ்சியம் நிறைந்திருக்கிறது, போதும்' என்று சொல்லும் செய்தி அது. 1997இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓராஹிலியின் குழு இந்த இரண்டு பிள்ளைகளின் உடம்பிலும் அந்தச் செய்தி பிறக்கவே இல்லை என்று கண்டது. மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பிறகு அச்சிறுமிக்கு லெப்டினை ஊசியாக ஏற்றினார்கள். பசி அடங்கியது. ஒரு வருடத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தாள். அவளுடைய மனஉறுதி அந்த வருடத்தில் திடீரென்று கூடவில்லை. யாரும் அவளுக்கு ரோசம் ஊட்டவுமில்லை.

இது மிக அரிதான நோய். என் பேத்திக்கும் என் பழைய மாணவனுக்கும் இது இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பசி என்பது நாம் நினைப்பது போல எல்லோருக்கும் ஒரே அளவாகப் பங்கிடப்பட்டதல்ல என்பதற்கு இதைவிட ஓர் அத்தாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. குறைந்த பசியோடு பிறந்தவன் தன் மெலிவைத் தன் ஒழுக்கம் என்று நினைத்துக்கொள்கிறான். நான் பிறவியில் மெலிந்தவன்.

மீதிப் பங்கு சூழல். பிள்ளையின் விடயத்தில் அரிஸ்டோட்டிலின் 'கையில் இருந்தது' என்ற சொல் முற்றாகக் கலைந்துபோகிறது. ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? சாமான் வாங்குவது அதுவல்ல, சமைப்பது அதுவல்ல, நேரசூசி போடுவதும் அதுவல்ல. என் பேத்தியின் நாளைப் பாருங்கள். ஏழரைக்குப் பாடசாலை. ஒன்றரைக்கு முடிந்து வந்தால் இரண்டரைக்கு ரியூசன், ஏனென்றால் அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. அஸருக்குப் பிறகு ஓதும் பள்ளி. மஃரிபுக்குப் பிறகு வீட்டுப்பாடம். இவ்வளவுக்கும் முச்சக்கர வண்டியில் போய் முச்சக்கர வண்டியில் வருகிறாள், வீதியில் வாகனம் கூடிவிட்டது என்பதால். ரியூசன் வாசலில் ஒரு கடை. அங்கே ரோல்ஸ், பணிஸ், குளிர்பானம். 2016இலிருந்து இலங்கையில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு நிறக்குறி இட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2017இல் சீனியின் அளவைக் கணக்கிட்டு வரியும் விதித்தார்கள். நல்ல காரியங்கள்தாம். அந்தச் சிவப்பு வட்டத்தை நான் ஒருநாள் பேத்திக்குக் காட்டினேன். "அப்ப ஏன் அப்பா எங்கட ரியூசன் கடையில விக்கிறாங்க?" என்று கேட்டாள். பதில் வைத்திருக்கவில்லை.

பெண் பிள்ளைகள் விடயத்தில் எமது சமூகம் இன்னொரு பூட்டையும் போட்டிருக்கிறது. ஆண் பிள்ளைகள் அந்திநேரத்தில் களப்புக் கரையில் பந்து அடிக்கிறார்கள். பெண் பிள்ளை பத்து வயதைத் தாண்டினால் சைக்கிளை மூலையில் சாத்திவிடுகிறோம். ஓடாதே, குதிக்காதே, வீட்டுக்குள் இரு. பிறகு கலியாணம் பேச வரும்போது, "புள்ள கொஞ்சம் தடிப்பமோ?" என்று கேட்கிறோம். மூடி வைத்தவர்களும் நாங்கள், கேட்பவர்களும் நாங்கள். ஹிஜாபோடும் கண்ணியத்தோடும் பெண் பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு மதில் கட்டிய நிலம் ஊரில் ஏன் இல்லை என்று பள்ளிவாசல் நிருவாகத்திடம் யாரும் கேட்டதாக நான் அறியவில்லை. நானும் கேட்டதில்லை.

இனி என் மனைவியின் குசினிக் கதவுக்கு வருகிறேன். அவளைக் குற்றம் சொல்வது மருமகளுக்கு இலகுவாக இருந்தது. எனக்கு இலகுவாக இல்லை. 1974ஆம் வருடப் பஞ்சத்தில் பாணுக்கு வரிசையில் நின்ற பிள்ளை அவள். மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறொன்றும் அடுப்பில் ஏறாத நாட்களைச் சொல்வாள். 1990இல் கைக்குழந்தையோடு முகாமுக்கு வந்தாள். பால்மாவைத் தண்ணீரில் கரைத்துக் கரைத்து, கடைசியில் தண்ணீர் மட்டும் வெள்ளை நிறமாக இருந்தது என்பாள். அந்தக் கைக்குழந்தைதான் இந்தப் பேத்தியின் வாப்பா. மெலிந்த பிள்ளை என்றால் அவளுக்கு நோய், மரணம், கிடுகுக் குடிசை. கொழுத்த கன்னம் என்றால் ரஹ்மத்து. 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மீண்டும் வரிசை வந்தபோது அவள் ஆச்சரியப்படவேயில்லை. "வரும்னு தெரியும்" என்றாள். இப்படிப்பட்ட ஒருத்தியிடம் போய்ப் பிள்ளைக்குச் சோற்றைக் குறை என்றால், அவளுக்கு அது அன்பைக் குறை என்றுதான் கேட்கும்.

பசியின் நினைவு ஓர் உடம்போடு முடிவதுமில்லை. 1944-45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது கர்ப்பத்தின் முற்பகுதியில் பட்டினி கிடந்த தாய்மாரின் ஆண் பிள்ளைகள் பத்தொன்பது வயதில் மற்றவர்களை விடப் பருமனாக இருக்கும் போக்கு 1976இல் வெளியான ஆய்வொன்றில் தெரிய வந்தது. தாயின் பசியை வயிற்றுக்குள் இருந்த பிள்ளை நினைவில் வைத்திருக்கிறது. முகாமில் இருந்த அந்த ஒற்றைக் கொழுத்த பையனைப் பற்றி இதைப் படித்த இரவில் நெடுநேரம் யோசித்தேன். அவன் பிறந்தது 1990க்கு முன்னர், ஆகவே இந்தக் கணக்கு அவனுக்குப் பொருந்தாமலும் போகலாம். அவனுடைய தாய் அவனைச் சுமந்தபோது எப்படி இருந்தாள் என்று எனக்கு என்ன தெரியும்? இரண்டு பங்கீட்டு அட்டை என்ற சந்தேகத்துக்கு மட்டும் என்னிடம் இடமிருந்தது.

இவ்வளவும் எழுதிய பின் சிலர் என்னிடம் கேட்கக்கூடும்: அப்படியானால் ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிடுவதா? பிள்ளை கொழுக்கட்டும் என்று பார்த்திருப்பதா? இல்லை. அதுவும் கைவிடுதல்தான். உலகில் 5 முதல் 19 வயது வரையானோரில் உடற்பருமனோடு இருப்பவர்கள் 1990இல் சுமார் 3 கோடியே 10 இலட்சம் பேர், 2022இல் சுமார் 15 கோடியே 90 இலட்சம் பேர். முன்பு வளர்ந்தோருக்கு மட்டும் வரும் என்று நாம் நினைத்திருந்த சீனி வருத்தமும் ஈரலில் கொழுப்பும் பிள்ளைகளிடமும் காணப்படுகின்றன. சீனி வருத்தத்தால் கால் விரல் எடுக்கப்பட்டவர்கள் இல்லாத தெரு எங்கள் ஊரில் இல்லை. உடம்பு அமானிதம் என்றால், பிள்ளையின் உடம்பு பிள்ளை வளரும் வரை எங்கள் கையில் உள்ள அமானிதம். மௌனமாக இருந்துவிட்டு, நான் மனம் நோகப் பேசவில்லை என்று பெருமைப்பட முடியாது. மனைவியின் ரொட்டியை நியாயப்படுத்துவதற்காகவும் நான் இதை எழுதவில்லை.

எதைப் பற்றிச் சொல்வது, யாருக்குச் சொல்வது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். மினசோட்டாவில் கட்டிளம் பருவத்தினரிடையே நடந்த ஆய்வொன்று, பெற்றோர் பிள்ளையின் நிறையைப் பற்றிப் பேசிய வீடுகளையும், நிறையைச் சொல்லாமல் நல்ல உணவைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளையும் ஒப்பிட்டது. நிறையைப் பற்றிப் பேசிய வீடுகளில் பிள்ளைகள் பட்டினி கிடப்பது போன்ற தவறான வழிகளில் இறங்குவது கூடுதலாக இருந்தது. ஆகவே எங்கள் வீட்டில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம், சண்டையோடுதான். பிள்ளைக்கென்று தனிச் சட்டம் இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி குறைந்தால் எல்லோருக்கும் குறையும். முதலில் பாதிக்கப்பட்டவன் நான், மூன்று கரண்டி போட்டுக் குடித்தவன். குளிர்பானம் வீட்டுக்குள் வராது, விருந்தாளிகள் வந்தாலும் வராது. இரவுச் சாப்பாடு எல்லோரும் ஒன்றாக, ஒரே பாயில். யாருடைய கோப்பையையும் யாரும் பார்க்கக் கூடாது. வியாழன் ரியூசனை நிறுத்தினோம். மருமகள் இதற்கு இன்னும் முழுமனதோடு சம்மதிக்கவில்லை, புலமைப்பரிசில் போய்விடும் என்று பயப்படுகிறாள். அவள் பயமும் அன்புதான், அதை நான் எப்படி இல்லை என்பேன்.

என் மனைவி குசினிக் கதவைச் சாத்தவில்லை. ஆனால் இப்போது அதற்குள்ளால் கொய்யாப்பழமும் அவித்த கடலையும் வருகின்றன. வெறுங்கையோடு பிள்ளையை அனுப்ப அவளால் முடியாது.

வியாழக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நானும் பேத்தியும் களப்புக் கரையோரம் நடக்கிறோம். முதல் நாள், ஆட்கள் இல்லாத இடம் வந்ததும் அவள் நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"அப்பா, நான் ஓடினா ஆக்கள் சிரிப்பாங்களா?"

"சிரிக்க மாட்டாங்க மகள்" என்று சொல்ல வாய் வந்தது. அது பொய். "சிரிக்கவும் கூடும். நானும் ஒங்களோட ஓடுறன், என்னப் பாத்துத்தான் முதல்ல சிரிப்பாங்க" என்றேன். இந்த அறுபத்தேழு வயதில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஐம்பது யார் தூரம் ஓடினேன். மீன் வலை காய வைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் உண்மையாகவே சிரித்தார்கள். அவள் நிறை குறைந்ததா என்று கேட்காதீர்கள். நாங்கள் தராசை அலுமாரிக்குள் வைத்துவிட்டோம், அடுத்த கிளினிக் நாளில் வைத்தியர் பார்த்துக்கொள்வார்.

பெருநாளன்று நான் சொன்னதற்கு ஒருநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எப்ப அப்பா?" என்றாள். மறந்துவிட்டாளா, மறந்தது போல் காட்டினாளா என்று தெரியவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

மற்றவரிடம் இன்னும் கேட்கவில்லை. கலியாண வீட்டில் அவருடைய பெயரைக் கேட்டிருக்கலாம், வெட்கம் விடவில்லை. கலியாண வீட்டாரிடம் விசாரிக்கலாம்தான், ஆனால் என்னவென்று சொல்லி விசாரிப்பது? லொறி என்றா? சென்ற மாதம் பழைய பெட்டியைத் திறந்து 1996ஆம் ஆண்டுப் புள்ளிப் பதிவேட்டை எடுத்தேன். கறையான் பாதி தின்றிருந்தது. ஏழாம் ஆண்டு, கணிதம், முதலாம் தவணை. விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன். பெரும்பாலான பெயர்களுக்கு முகம் வந்தது. மூன்று பெயர்களுக்கு வரவில்லை. அந்த மூன்றில் ஒன்று அவருடையது. எது என்று எனக்குத் தெரியவில்லை.